இரத்த வகை பொருந்தவில்லை என்றால்? தந்தைமைப் பரிசோதனையும் தந்தையின் சட்ட உரிமையும்

பிரசவம் முடிந்து வீடு திரும்பும் நாளில் தரப்படும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் குழந்தையின் இரத்த வகையும் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான குடும்பங்கள் அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுகின்றன. சிலர் மட்டும், பிறர் காதில் விழாதபடி, எங்களிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர்: “டாக்டர், எங்கள் இருவருக்கும் ஓ வகை, குழந்தைக்கு எப்படி பி வகை வந்தது?” கேட்காமலே அந்த ஐயத்தைச் சுமந்து செல்வோர் இவர்களைவிட அதிகம் என்றே கருதுகிறோம். ஒரு தாளில் உள்ள ஓர் எழுத்தைக் கொண்டு தாயின் மீது பழி சுமத்துவதும், குழந்தையை விலக்கி வைப்பதும் நடக்கக்கூடாதவை. ஆகவே, இரத்த வகை எதைச் சொல்லும், டி.என்.ஏ. பரிசோதனை எதைச் சொல்லும், சட்டம் யாரைத் தந்தை என்று கொள்ளும் என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் இரத்த வகை. ஏ, பி ஆகிய இரண்டும் வெளிப்படும் பண்புகள்; ஓ என்பது அவை இரண்டும் இல்லாத நிலை. ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு மரபணுக்களைப் பெறுகின்றனர். ஏ வகைத் தந்தையிடமும் பி வகைத் தாயிடமும் ஓ மரபணு மறைந்திருக்கலாம். அதனால் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எந்த வகையாகவும் இருக்கலாம். ஆர்ஹெச் காரணியிலும் அப்படியே: பெற்றோர் இருவரும் பாசிட்டிவ் ஆக இருந்தும் குழந்தை நெகட்டிவ் ஆகப் பிறப்பது முற்றிலும் இயல்பு. எங்களிடம் வரும் ஐயங்களில் கணிசமானவை இந்த இரண்டு விளக்கங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன.

எஞ்சுபவை சில. ஓ வகைப் பெற்றோர் இருவருக்கும் ஏ அல்லது பி வகைக் குழந்தை பிறப்பதும், ஏபி வகைப் பெற்றோருக்கு ஓ வகைக் குழந்தை பிறப்பதும் பொதுவிதிக்கு மாறானவை. அப்போதும் முதலில் ஐயப்பட வேண்டியது தாயை அன்று, பரிசோதனை முடிவையே. பிறந்த குழந்தையின் சிவப்பணுக்களில் ஏ, பி பண்புகள் முழு வலிமை பெற்றிருப்பதில்லை. பெரியவர்களுக்குச் செய்வதைப் போல இரத்த நீரிலுள்ள எதிர்ப்பொருளைக் கொண்டு விடையைச் சரிபார்க்கவும் முதல் சில மாதங்களில் இயலாது. அந்த எதிர்ப்பொருள் அப்போது குழந்தையின் உடலில் உருவாகியிராது. தொப்புள்கொடி இரத்தத்தில் கலக்கும் கொடியின் பசைப்பொருளும் முடிவைக் குழப்பக்கூடும். எனவே பிறந்தபோது எழுதப்பட்ட வகையை, குழந்தைக்கு ஒரு வயது கடந்தபின் மீண்டும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் நம் நாட்டுக்கே உரியது எனலாம். 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த ‘பாம்பே இரத்த வகை’ அது. ஏ, பி பண்புகள் சிவப்பணுவின் மேல் அமர்வதற்கு ஹெச் என்னும் அடித்தளம் தேவை. அந்த அடித்தளமே இல்லாதவர்களின் உடலில் பி மரபணு இருந்தாலும் அது வெளித்தெரியாது. வழக்கமான பரிசோதனை அவர்களை ஓ என்றே காட்டும். அப்படிப்பட்ட ஒருவர், தம் மறைந்த பி மரபணுவைக் குழந்தைக்குக் கொடுக்கிறார். குழந்தை ஹெச் அடித்தளத்தை ஓ வகைத் தாயிடமிருந்து பெறுகிறது. குழந்தை பி வகையாகிறது. தாயும் பொய் சொல்லவில்லை, தாளும் பொய் சொல்லவில்லை. இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இவ்வகை இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ஹெச் பரிசோதனை என்னும் எளிய சோதனை இதை வெளிக்கொணரும். இவ்வகையினருக்குச் சாதாரண ஓ இரத்தமும் ஒவ்வாது. பாம்பே வகை இரத்தமே ஏற்ற வேண்டும். ஆகவே, மனைவி மீது கொண்ட ஐயத்தைத் தீர்க்க வந்தவர், தம் உயிரைக் காக்கும் ஒரு செய்தியுடன் திரும்பவும் கூடும்.

இவற்றைக் கடந்தும் கேள்வி நிற்குமானால், விடை தரக்கூடியது டி.என்.ஏ. பரிசோதனை ஒன்றே. இந்திய நீதிமன்றங்களுக்கு இது 1980களின் இறுதியில் அறிமுகமாயிற்று. கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில், ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானி லால்ஜி சிங் செய்த பரிசோதனை சான்றாக ஏற்கப்பட்டது.

பரிசோதனையின் முறை கடினமானதன்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பதோ சில சொட்டு இரத்தமோ போதும். டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட சில இடங்களில் ஒரே சிறு துணுக்கு பலமுறை அடுத்தடுத்து வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஓரிடத்தில் குழந்தைக்கு 12, 15 என்ற எண்கள் இருந்து, தாயிடம் 12 இருக்குமானால், 15 தந்தையிடமிருந்து வந்திருக்க வேண்டும். இவ்வாறு பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிடுகின்றனர். ஓரிடம் மட்டும் பொருந்தாவிட்டால் ‘தந்தை அல்லர்’ என்று கூறிவிட இயலாது; இயல்பான மரபணு மாற்றமும் அதற்குக் காரணமாகலாம். பல இடங்கள் பொருந்தாதபோதே விலக்குவர். எல்லா இடங்களும் பொருந்தினால், 99.9 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிகழ்தகவு எனக் குறிப்பிடுவர். அவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: ஐயத்திற்குரியவர்கள் உடன்பிறந்த சகோதரர்களாயின் அதை ஆய்வகத்திடம் முன்னரே சொல்ல வேண்டும், கூடுதல் இடங்களைப் பார்க்க வேண்டிவரும். எலும்பு மஜ்ஜை மாற்று பெற்றவரின் இரத்தத்தில் கொடையாளரின் டி.என்.ஏ.வே இருக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது.

ஒருவர் தனியே வந்து கேட்டார் என்பதற்காக இப்பரிசோதனையை நாங்கள் செய்வதில்லை. தாய்க்குத் தெரியாமல் குழந்தையின் முடியையோ பல் துலக்கியையோ அனுப்பிப் பெறும் தனியார் அறிக்கையில், அது யாருடைய மாதிரி என்பதற்கே உறுதி இல்லை. அதை நம்பிக் குடும்பம் உடைந்த பிறகு, நீதிமன்றத்தில் அது நிற்காமலும் போகலாம். கருவிலிருக்கும்போதே தந்தையை அறியக் கேட்பதற்கும் இடமில்லை. 1994ஆம் ஆண்டின் கருவறி தொழில்நுட்பச் சட்டம், அதில் பட்டியலிடப்பட்ட நோய்களையும் குறைபாடுகளையும் கண்டறிவதற்கு மட்டுமே கருவின் மீதான சோதனைகளை அனுமதிக்கிறது.

இனி சட்டம். பலரும் வியப்படையும் இடம் இதுவே: பரிசோதனை கூறும் தந்தையும் சட்டம் கூறும் தந்தையும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கும் நிலையில் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை, அக்கணவரின் முறையான குழந்தை என்பதற்கு அதுவே முடிவான சான்று. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு இது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவும் இதையே கூறுகிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பித்தால் மட்டுமே இதை மறுக்கலாம். டி.என்.ஏ. என்ற சொல்லே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட விதி எனச் சிலர் குறை கூறுவர். எங்கள் கருத்தில், குழந்தையைப் பெரியவர்களின் சண்டையிலிருந்து காப்பதற்கு இதைவிட உறுதியான வேலி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

1993இல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தைத் தவிர்க்க விரும்பிய கணவர் கேட்டார் என்பதற்காக வழக்கம்போல் இரத்தப் பரிசோதனைக்கு ஆணையிடக்கூடாது என்றது. 2014இல், நீதிமன்ற ஆணைப்படி ஏற்கெனவே செய்யப்பட்ட டி.என்.ஏ. பரிசோதனை கணவர் தந்தை அல்லர் என்று காட்டிய வழக்கில், அறிவியல் உண்மைக்கே முன்னுரிமை என்றது. 2023இல், மனைவியின் ஒழுக்கத்தை மெய்ப்பிக்கும் கருவியாகக் குழந்தையைப் பயன்படுத்த அனுமதிக்க மறுத்தது.

2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு எங்களைப் போன்ற மருத்துவர்களைச் சற்று நேரம் சிந்திக்க வைத்தது. கேரளத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் மருத்துவச் செலவைச் சமாளிக்க இயலாத நிலையில், தம் தாயின் கணவர் அல்லாத வேறொருவரே தம் தந்தை என்றும், அவர் தமக்குப் பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்றும் கோரினார். அவர் பிறந்தபோது பெற்றோரின் திருமணம் நிலைத்திருந்தது. அவர்கள் பிரிந்து வாழவில்லை. எனவே டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஆணையிட முடியாது, சட்டத்தின் கண்ணில் கணவரே தந்தை என நீதிமன்றம் முடிவு செய்தது. மாறாக, முன்னாள் முதலமைச்சர் என்.டி. திவாரி மீது தொடரப்பட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அவரை மாதிரி தரச் செய்தது. 2012இல் வெளியான முடிவு அவரே தந்தை என்றது. ஒவ்வொரு வழக்கும் தன் சூழலைப் பொறுத்தே தீர்கிறது.

இதன் மறுபக்கம், உடலால் தந்தையானவரின் உரிமை. பிறர் மனைவியாக இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை தம்முடையது என்று ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்பினாலும், மேற்கண்ட விதி அவருடைய வாயிலை ஏறத்தாழ மூடிவிடுகிறது. தாய் திருமணம் ஆகாதவராயின் நிலை வேறு. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி, திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் முதலில் தாய். அவருக்குப் பின்னரே தந்தை. 2015இல் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே காப்பாளர் ஆகலாம் என்றது. ஆயினும் குழந்தையின் மீது மெய்யான அக்கறை கொண்ட தந்தை, 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே எடைபோடப்படுவது அவருடைய உரிமையைவிடக் குழந்தையின் நலனே. கடமையோ இவ்வளவு காத்திருப்பதில்லை. முறையான குழந்தையாயினும் அல்லாததாயினும், தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்குத் தந்தை ஜீவனாம்சம் தர வேண்டும்; பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 144ஆம் பிரிவு இதைக் கூறுகிறது.

விந்துக் கொடையாளர் உதவியுடன் பிள்ளை பெற்ற தம்பதியர் இவ்விடத்தில் அஞ்ச வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, குழந்தை அத்தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கொள்ளப்படும். கொடையாளருக்கு எவ்வுரிமையும் இல்லை.

கேட்காமலே விடை வெளிப்படும் தருணங்களும் உண்டு. மகனுக்குச் சிறுநீரகம் தர வரும் தந்தைக்குத் திசுப் பொருத்தம் பார்க்கும்போது பாதிப் பொருத்தமாவது இருக்க வேண்டும். தலசீமியா உள்ள குழந்தைக்குப் பெற்றோர் இருவருமே அந்நோயின் மரபணுவைச் சுமப்பவர்களாக இருப்பர். இவை பொருந்தாதபோது எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே இத்தகைய சோதனைகளுக்கு முன்பே, தந்தைமை பற்றிய செய்தியும் வெளிவரக்கூடும் என்று எடுத்துச் சொல்லி, அதை அறிய விரும்புகிறீர்களா எனத் தனித்தனியே கேட்கிறோம். ஒப்புதல் படிவத்தின் அப்பகுதியை அவசரமின்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம். கேட்காமல் விட்ட விடையை நடைக்கூடத்தில் நின்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

பரிசோதனை வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்த காலம் ஏதேனும் இருப்பின் அதற்குரிய ஆவணங்கள் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். இரத்த வகை பற்றிய ஐயம் மட்டுமே இருப்பின், வழக்கறிஞரிடம் செல்வதற்கு முன் பழைய அறிக்கைகளுடன் எங்கள் இரத்த வங்கிக்கு வாருங்கள்.