குளிர்காலச் சோர்வும் குலையும் உறக்கமும்

விநய பிடகத்தைச் சேர்ந்த மகாவக்கத்தில் பிணியுற்றோரைப் பேணும் முறை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. வயிற்றுநோயால் துன்புற்றுக் கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு பிக்குவைப் பகவான் புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து நீராட்டிப் படுக்கையில் கிடத்திய வரலாறு நாம் அறிந்ததே. அதனையொட்டி, பேணுதற்கு எளிய நோயாளியின் குணங்கள் ஐந்தென அவர் வகுத்தருளினார். தனக்கு நன்மை தருவதைச் செய்தல், நன்மை தருவதிலும் அளவறிதல், மருந்தை உட்கொள்ளல், நோய் கூடினால் கூடிற்றென்றும், குறைந்தால் குறைந்ததென்றும், மாறாது நின்றால் நின்றதென்றும் பேணுவோரிடம் உள்ளபடி உரைத்தல், உடல் வேதனையைப் பொறுத்தல் என்பனவே அவ்வைந்து.

இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் இப்பாடத்திற்குச் சிறப்பாக உரியவை. மருந்தே உறக்கத்தைக் குலைக்கக்கூடிய ஒரு நோயைப் பற்றி இங்கே ஆராய்கிறோம். உறக்கம் குலைந்ததென்று மருந்தை எறிந்துவிடுவோர் பலர். அவ்வாறு செய்யாது, அதன் நேரத்தையும் அளவையும் திருத்திக்கொள்வதே அறிவுடைமை என்பது இப்பாடத்தின் கருத்தாகும்.

நோய் இன்னது

குளிர்காலம் தொடங்கும்போது தொடங்கி, இளவேனில் வரும்போது நீங்கி, ஆண்டுதோறும் மீண்டும் வரும் மனச்சோர்வைப் பருவகால மனச்சோர்வு என்பர். நிலநடுக்கோட்டுக்குத் தொலைவிலுள்ள நாடுகளிலேயே இது பெரிதும் பேசப்படுகிறது. தமிழர் பலரின் மக்களும் உடன்பிறந்தோரும் கானடாவிலும் பிரிட்டனிலும் நார்வேயிலும் வாழும் இக்காலத்தில் நாமும் இதனை அறிந்திருத்தல் நலம்.

டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய நாளிலும் சென்னையில் பகல் 11 மணி நேரத்திற்கு மேல் நிற்கும். அதே நாளில் டொரான்டோவில் ஏறத்தாழ 9 மணி நேரமும், லண்டனில் 8 மணி நேரமும், ஆஸ்லோவில் 6 மணி நேரமுமே பகல் உண்டு. நார்வேயின் வடபகுதியிலுள்ள டிரோம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடு வரை கதிரவன் உதிப்பதே இல்லை. அந்நாட்டின் ர்யூக்கான் என்னும் ஊர் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் கிடப்பதால் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் வெயிலின்றி இருந்தது. 2013ஆம் ஆண்டில் அவ்வூரார் மலைமேல் மூன்று பெருங் கண்ணாடிகளை நிறுவி, ஊர்ச் சதுக்கத்தில் வெயில் விழும்படி செய்தனர். ஒளிக்காக மனிதர் எவ்வளவு ஏங்குவர் என்பதற்கு இதுவே சான்று.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 1976இல் நியூயார்க்குக்குச் சென்ற மருத்துவர் நார்மன் ரோசந்தால், அங்கே குளிர்காலத்தில் தம் ஊக்கம் குன்றுவதைக் கண்டார். பின்னர் அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் அவரும் அவர்தம் தோழர்களும் ஆராய்ந்து, 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இந்நோய்க்குப் பெயர் தந்தது.

சாதாரண மனச்சோர்வில் உறக்கமும் பசியும் பெரும்பாலும் குறையும். இந்நோயிலோ பெரும்பாலோர்க்கு அவை மிகுகின்றன. பத்து மணி நேரம் உறங்கினும் களைப்பு நீங்காது, காலையில் எழுவது மலையைப் பெயர்ப்பது போலிருக்கும், மாவுப் பண்டங்களின் மேலும் இனிப்பின் மேலும் வேட்கை மிகும், உடல் பருக்கும். சிலர்க்கு மாறாக உறக்கம் வாராமையும் உண்டு.

காரணம்

விழித்திரையில் பார்வைக்குரிய அணுக்களோடு, ஒளியின் அளவை உணரும் தனி நரம்பணுக்களும் உள என்பது 2002ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அவை மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத் திரளுக்குச் செய்தி அனுப்புகின்றன. அத்திரளே உடலின் கடிகாரம். இருள் சூழ்ந்ததும் அதன் ஆணைப்படி மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரந்து, இரவு வந்ததென உடலுக்கு அறிவிக்கிறது. 1958இல் பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளின் சுரப்பை வலிய ஒளி மனிதரிடத்தும் அடக்குகிறது என்பதனை ஆல்பிரட் லூயி என்பாரும் அவர் தோழர்களும் 1980இல் காட்டினர்.

குளிர்காலத்தில் விடியல் தாமதிப்பதால் நோயாளர் பலரிடத்தும் இக்கடிகாரம் பின்தங்கிவிடுகிறது என்பது ஆய்வாளர் கொள்கை. கடிகாரமோ இன்னும் இரவென்கிறது; அலுவலகமோ எழுந்து வா என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நோயாளி அல்லலுறுகிறார்.

சிகிச்சைகள் மூன்று

முதலாவது ஒளிச் சிகிச்சை. 10,000 லக்ஸ் அளவுள்ள ஒளிப்பெட்டியின் முன் விழித்தெழுந்தவுடன் நாள்தோறும் அரைமணி நேரம் அமர்வது வழக்கமான முறை. வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸைத் தாண்டுவதில்லை. ஆதலின் அதனருகில் அமர்வது இதற்கு ஈடாகாது. கண்கள் திறந்திருத்தல் வேண்டும். ஆனால் விளக்கையே உற்று நோக்கலாகாது. பலர்க்கு ஓரிரு வாரத்தில் பயன் தெரியும்.

இரண்டாவது மருந்து. மனச்சோர்வுக்குரிய மருந்துகள் பல இதற்கும் தரப்படுகின்றன. அவற்றுள் பியூப்ரோப்பியான் என்பதன் ஒரு வகையை, இந்நோய் வாராது தடுத்தற்பொருட்டு 2006ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளச்சிகிச்சை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் என்பாரின் குழு 177 நோயாளரிடம் இதனையும் ஒளிச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. முதற் குளிர்காலத்தில் இரண்டும் ஒத்த பயன் தந்தன. இரண்டு குளிர்காலம் கழிந்தபின் நோய் மீண்டது, ஒளிச் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர்க்கு. உளச்சிகிச்சை பெற்றோரில் 27 விழுக்காட்டினர்க்கே. குளிர்காலத்தைப் பற்றி மனத்தில் வேரூன்றிய கசப்பு மாறுவதும் மருந்தாகும் என்பதனை இது உணர்த்துகிறது.

சிகிச்சையே உறக்கத்தைக் கெடுப்பது எவ்வாறு?

ஒளி கடிகாரத்தை நகர்த்தும் கருவி. காலையில் பெற்றால் கடிகாரத்தை முன்னே இழுக்கும். மாலையிலோ இரவிலோ பெற்றால் பின்னே தள்ளும். அலுவல் முடிந்து வந்து இரவில் ஒளிப்பெட்டியின் முன் அமர்பவர்க்கு நள்ளிரவு வரை உறக்கம் வாராமல் போகலாம். அது ஒளியின் குற்றமன்று, நேரத்தின் குற்றம். இதற்கு மாறாக, மிக முற்பட்ட வேளையில் அல்லது மிகுதியாக ஒளி பெறுவோர்க்கு மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடக்கூடும். அவர்கள் ஒளிபெறும் நேரத்தைச் சற்றுத் தள்ளியோ, நிமிடங்களைக் குறைத்தோ பார்த்தல் தகும். நன்மை தருவதிலும் அளவறிதல் என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுமோ?

பியூப்ரோப்பியான், ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்துகளும் சிலர்க்கு உறக்கத்தைக் குறைக்கும். அவற்றைக் காலையில் கொள்ளலாமா என மருத்துவரைக் கேட்டல் வேண்டும். தாமே திடீரென நிறுத்துதல் கூடாது.

ஓர் எச்சரிக்கை. உறக்கம் வெகுவாகக் குறைந்தும் களைப்பின்றி, பேச்சு மிகுந்து, எண்ணங்கள் விரைந்தோடி, அளவிறந்த உற்சாகம் தோன்றுமாயின், அது குணமன்று, வெறிநிலையின் தொடக்கமாயிருக்கலாம். இருதுருவ மனநோய் உள்ளவரும், அக்குடும்பத்தில் பிறந்தவரும், கண்ணோய் உடையவரும், ஒளியைத் தாங்காமற் செய்யும் மருந்துகளைக் கொள்பவரும் மருத்துவரைக் கேளாது ஒளிச் சிகிச்சையைத் தொடங்கலாகாது.

நாள்தோறும் செய்யத்தக்கவை

1. எழும் நேரத்தை மாற்றாதிருத்தல். விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுக. இரவு உறக்கம் குறைந்ததென்று காலையில் நீட்டிப் படுத்தால் கடிகாரம் மேலும் பின்தங்கும்.

2. பகலில் வெளியே நடத்தல். மேகம் மூடிய நாளிலும் வெளியொளி வீட்டொளியைவிடப் பன்மடங்கு வலியது.

3. உறக்கம் கண்ணைச் சுற்றும்போதே படுத்தல். ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் உறக்கம் வாராவிடில் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியான செயலொன்றில் ஈடுபட்டு, உறக்கம் வந்தபின் மீள்க. ரிச்சர்டு பூட்சின் என்பார் 1972இல் வகுத்த இம்முறை, நாட்பட்ட உறக்கமின்மைக்கு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் முதற்கண் பரிந்துரைத்த உளச்சிகிச்சையின் ஓர் உறுப்பாகும்.

4. நீண்ட பகலுறக்கத்தையும், பிற்பகலுக்குப் பின் காப்பி, தேநீரையும் விலக்குதல். மதுவும் உறக்கத்தைத் துண்டாடும்.

5. குறிப்பேடு எழுதுதல். படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், ஒளி பெற்ற நேரம், மருந்துண்ட நேரம், அன்றைய மனநிலை ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறித்து மருத்துவரிடம் காட்டுக. கூடினால் கூடிற்றென்றும் குறைந்தால் குறைந்ததென்றும் உரைத்தல் இதுவே.

சோம்பலும் நோயும்

ஐந்து நீவரணங்களுள் தீனமித்தம், அதாவது மந்தமும் தூக்கமயக்கமும், ஒன்றெனக் கற்றுள்ளோம். அதனைக் கருதி, குளிர்காலத்தில் எழமாட்டாது கிடப்பவரைச் சோம்பேறி என்றும் முயற்சியற்றவர் என்றும் பழிப்பது தவறு. தியானத்தில் அமர்ந்தவனை மறைக்கும் மந்தம் வேறு. மாதக்கணக்கில் உடலையும் உள்ளத்தையும் அழுத்தும் பிணி வேறு. முன்னதற்கு முயற்சி மருந்து. பின்னதற்கு மருத்துவமும் துணையும் வேண்டும்.

மொக்கல்லானர் தூங்கி விழுந்தபோது பகவான் அவரைக் கடிந்தாரில்லை. அங்குத்தர நிகாயத்தில் காணும் அவ்வுபதேசத்தில் அவர் ஒன்றன்பின் ஒன்றாக உபாயங்களைச் சொல்கிறார்: ஓதுதல், எழுந்து கண்களை நீரால் கழுவுதல், ஒளியை மனத்திற் கொள்ளல், நடத்தல் முதலியன. ஒன்று பயன்படாவிடின் அடுத்தது. யாவும் பயன்படாவிடின் படுத்து உறங்கி, விழித்தவுடன் எழுக என்பது முடிபு. அவர் கூறிய ஒளி தியானத்திற்குரியது. அதனை ஒளிப்பெட்டியோடு ஒன்றெனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் ஓர் உபாயம் பலிக்காதபோது பழியாது அடுத்ததை நாடும் அப்பொறுமை நோயாளிக்கும் அவரைப் பேணுவோர்க்கும் உரியதே.

தொலைநாட்டிலிருந்து பேசும் மகனோ மகளோ, "இரவெல்லாம் உறக்கமில்லை, காலையில் எழ முடியவில்லை" என்றால், அறிவுரை கூறுமுன் கேளுங்கள்: எந்த மாதம் தொடங்கிற்று? சென்ற ஆண்டும் இவ்வாறே இருந்ததா? மருத்துவரைக் கண்டாயிற்றா? மருந்தும் ஒளியும் எந்நேரத்தில்? வாழ்வே வேண்டாமென்னும் சொல் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதியாது அந்நாட்டு அவசர உதவியை நாடச் செய்யுங்கள். நம் நாட்டிலுள்ளோர்க்கு 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசு உதவி 14416 என்ற எண்ணில் உள்ளது. குளிர்காலம் கழியும், அது கழியும் வரை நோயாளி தனித்திராதபடி பார்த்துக்கொள்வது சுற்றத்தாரின் கடமை.