பள்ளத்து லயத்தில் போன் எடுக்காதது ஏன்?

நமது தோட்டங்களில் இப்போது கையடக்கத் தொலைபேசி இல்லாத காம்பராவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கொழுந்து மலைக்குப் போகும் அக்காமாரிடமும் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய போன் ஒன்று இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு எடுத்தால் "டவர் இல்ல", "கவரேஜ் இல்ல", "சிக்னல் அடிக்கல", "நெட் சுத்துது" என்று நான்கு விதமாகச் சொல்லிக்கொள்கிறோம். இவை எல்லாம் ஒரே கோளாறு அல்ல. எது எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் எதற்கு என்ன செய்யலாம் என்பது விளங்கும். இம்முறைப் பாடம் அதைப் பற்றியதே. மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் கலந்துபேசினால் நல்லது.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசி சேவை 1989ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போதும், அதற்குப் பின் பல வருடங்களும், தோட்டத்தில் போன் என்றால் காரியாலயத்துப் போன்தான். இரவில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஒருவர் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு காரியாலயத்துக்கு ஓடுவார். கஷ்டம்தான். ஆனாலும் அந்தப் போனில் ஒரு நன்மை இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எந்த இடத்தில் நின்றால் அது பேசும் என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் மலையைப் பார்ப்போம். பங்களா மேட்டில் ஒருவர் பெரிய பெற்றோல்மாக்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சரிவில் உள்ள லயத்தில் வெளிச்சம் விழும். மேட்டுக்குப் பின்பக்கம் ஆற்றோரத்தில் இருக்கும் லயம் இருட்டாகவே இருக்கும். டவரும் அப்படித்தான். அது அனுப்புகிற ரேடியோ அலை, வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் வளைந்து போகும், ஆனால் ஒரு மலையையே சுற்றி வந்துவிடாது. அதனால்தான் டவர் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பள்ளத்து லயத்தில் கோடு விழுவதில்லை, நாலு மைலுக்கு அப்பால் எதிர்மலையில் உள்ள டவர் தெளிவாக எடுக்கிறது. ஆகவே பக்கத்தில் டவர் எங்கே என்று தேடாதீர்கள். கண்ணுக்கு எந்த டவர் தெரிகிறது என்று பாருங்கள்.

காம்பராவுக்குள் எடுக்காத போன் வாசலுக்கு வந்தால் எடுப்பதற்குக் காரணம் தகரக் கூரை. தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். இஸ்தோப்பில், திறந்த பக்கமாக நின்று பேசிப் பாருங்கள்.

மூடுபனி வந்தால் சிக்னல் போய்விடும் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. நமது போன் பாவிக்கும் அலையைப் பனியோ மழையோ பெரிதாகத் தடுப்பதில்லை. மழைக்காலத்தில் போன் நின்றுபோவது பெரும்பாலும் டவருக்கு வரும் கரண்ட் நின்றுபோவதால். டவரின் அடியில் பெரிய பற்றரிகள் உண்டு. அவை சில மணித்தியாலம் தாங்கும். அதற்குமேல் ஜெனரேட்டர் இல்லாவிட்டால் டவரும் தூங்கிவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது நாடு முழுவதும் இதைக் கண்டோம். ஆகவே கடும் மழைக்குச் சொல்லவேண்டிய செய்தி இருந்தால், "விடியட்டும், பேசிக்குவோம்" என்று வைக்காமல் கரண்ட் போன உடனேயே சொல்லிவிட வேண்டும்.

இனி "நெட் சுத்துது" என்பதற்கு வருவோம். கோடு முழுவதும் நிற்கும், ஆனால் படம் ஓடாது. பின்னேரம் ஏழு மணிக்கு எல்லா லயத்திலும் எல்லோரும் போனைத் திறந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு பீலியில் பத்துக் குடம் வைத்தால் ஒவ்வொன்றிலும் நூல்போலத் தண்ணீர் விழுவது மாதிரி, ஒரு டவரின் கொள்ளளவை அத்தனை பேரும் பங்குபோட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளின் பாடக் குறிப்பு, வீடியோ எதுவாக இருந்தாலும் விடியற்காலை பெரட்டுக்கு முன் இறக்கி வைத்துக்கொண்டால் வேகமாக இறங்கும், பிறகு நெட் இல்லாமலே பார்க்கலாம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட பின் நமது பிள்ளைகள் பட்ட பாடு மறந்திருக்காது. பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் 2021இல் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறிப்போய்ப் பாடம் எடுத்த செய்தி வெளிநாடுகளிலும் வந்தது. நமது தோட்டங்களிலும் தேயிலைக்குள்ளும் தண்ணீர்த் தொட்டி மேலும் நின்று படித்த பிள்ளைகள் எத்தனை பேர்!

பற்றரி ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்ற கேள்வியைப் பல இடங்களில் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். கெட்டுப்போன போன் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டியதில்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் போன் சத்தம்போட்டுக் கூப்பிடும் ஆளைப் போல முழுப் பலத்தையும் செலவழிக்கிறது, டவரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. சிக்னலே இல்லாத மலையில் நாள் முழுவதும் வேலை என்றால் போனை விமானக் குறி உள்ள பட்டனில் போட்டுவைத்து, சாப்பாட்டு நேரத்தில் மேட்டுக்கு வந்து திறக்கலாம். ஆனால் வீட்டில் புள்ளத்தாச்சியோ வருத்தக்காரரோ இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். பற்றரி போனால் போகட்டும்.

நெட் எடுக்காத இடத்திலும் சாதாரண எஸ்.எம்.எஸ். போகும் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். வட்ஸ்அப்புக்கு டேட்டா வேண்டும், எஸ்.எம்.எஸ்.சுக்கு வேண்டாம். ஒரு கணம் சிக்னல் கிடைத்தாலும் அது போய்விடும். வாங்குபவரின் போன் பள்ளத்தில் இருந்தால் செய்தி கம்பனியிடம் காத்திருந்து, அவர் மேட்டுக்கு வந்ததும் விழும். ஒரு செய்தியில் ஆங்கில எழுத்து என்றால் 160, தமிழ் என்றால் 70தான். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனி எழுத்தாகவே எண்ணப்படும். ஆகவே சுருக்கமாக எழுதுங்கள்: "அம்மாவுக்கு வலி. லொறி அனுப்பவும். கீழ்க்கணக்கு 4ஆம் லயம்." போனின் செட்டிங்கில் 2ஜி என்று மாற்றினால் சில பள்ளங்களில் நெட் போனாலும் பேச்சு அறுபடாமல் கேட்கும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? எங்கள் பகுதியில் ஒரு கீழ்க்கணக்கில் நடந்ததைக் கேளுங்கள். நடுச்சாமத்தில் ஒரு தாய்க்கு வலி கண்டுவிட்டது. புருஷன் போனை எடுத்துக்கொண்டு முதலில் விளையாட்டு மைதானத்துக்கு ஓடினார், எடுக்கவில்லை. பிள்ளைக்காம்பரா பக்கம் போனார், ஒரு கோடு வந்து மறைந்தது. கடைசியில் மாரியம்மன் கோயில் மேட்டில்தான் 1990க்குக் கிடைத்தது. அதற்குள் முக்கால் மணி போய்விட்டது. அதோடு முடியவில்லை. அவர் சொன்னது நாம் வழக்கமாகக் கூப்பிடும் தமிழ்ப் பெயர். அரசாங்கப் பதிவிலும் வீதிப் பலகையிலும் தோட்டத்துக்கு வேறு பெயர். அம்புலன்ஸ்காரர்கள் வேறு சந்தியில் நின்று தேடினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்தக் குடும்பத்தின் நல்ல காலம். மறுநாள் விசாரித்தபோது அடுத்த லயத்துப் பெரியவர் ஒருவர், "அந்தக் கோயில் மேட்டுல எப்பவும் எடுக்குமே, என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது, தேவைப்பட்டவருக்குத் தெரியவில்லை.

1990 என்பது 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை. இப்போது ஒன்பது மாகாணங்களிலும் ஓடுகிறது. காசு இல்லை. தமிழிலும் பேசலாம். கேட்கும் கேள்விக்குப் பதற்றப்படாமல் பதில் சொன்னால் போதும். தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிசன், லய இலக்கம், பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்பவேண்டும், வாகனம் லயம் வரை வருமா இல்லையா, இவைதான் முக்கியம். வராது என்றால் நோயாளியைச் சந்திவரை கொண்டுவர லொறிக்கும் சொல்லிவிட வேண்டும். பேசியவர் சிக்னல் உள்ள இடத்தை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடிவிடக் கூடாது. திரும்ப அழைப்பார்கள். இன்னொருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் அங்கேயே நிற்க வேண்டும்.

மண்சரிவும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்களில் கரண்டும் கேபிளும் அறுந்து போன் தொடர்பே இல்லாமல் போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் போன் நின்றால் அந்தச் செய்தி லயத்துக்கு வராது. அதற்கு ஒரு பால்மா டின் போதும். பக்கம் நேராக உள்ள டின்னைத் திறந்த வெளியில் வைத்து, பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஒரு நாளில் ஏழரை சென்ரிமீற்றர் நிறைந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். பத்தானால் மூட்டை கட்ட வேண்டும். பதினைந்தானால் யாரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். சுவரிலோ நிலத்திலோ வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று கண்டால் டின்னைக்கூடப் பார்க்க வேண்டாம்.

சரி, நம்மால் செய்யக்கூடியது என்ன? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு லயத்திலும் இருவர் இந்த நடையைச் செய்து பாருங்கள். இப்போது நாட்டில் டயலொக், எஸ்.எல்.டி. மொபிடெல், ஹட்ச் என்று மூன்று கம்பனிகள் இருக்கின்றன. மூன்று சிம்மும் உள்ள போன்களை எடுத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி நடங்கள். கோட்டை எண்ண வேண்டாம். ஒரு போனில் மூன்று கோடு என்பது இன்னொரு போனில் ஒரு கோடாக இருக்கும். நின்று, அழைத்து, ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். அதுதான் சோதனை. திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்று வந்தால் அங்கே உங்கள் கம்பனியின் டவர் எட்டவில்லை, வேறொரு கம்பனியின் டவர் எட்டுகிறது என்று அர்த்தம். அந்தக் கம்பனியின் சிம் யாரிடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள். இடம் நல்லதா என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளத்து விளிம்பில் உள்ள வழுக்குப் பாறையையோ குளவிக்கூடு தொங்கும் மரத்தடியையோ குறித்து வைத்துப் பிரயோசனம் இல்லை. கர்ப்பிணியின் மாமியாரும் டோர்ச் அடித்துக்கொண்டு போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும்.

எந்தக் கம்பனியும் எங்கும் எடுக்காத லயங்களும் சில உண்டு. அங்கே வாய்முறைப்பாட்டால் ஒன்றும் ஆகாது. எந்த இடம், எந்தத் திகதி, எத்தனை மணி, எந்தக் கம்பனி, எத்தனை குடும்பம் என்று நடையில் கண்டதை எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, தோட்ட முகாமையாளர் ஊடாகக் கம்பனிக்கும் பிரதி ஒன்றைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் அரச நிறுவனம் அது. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். டவர் வர மாதமோ வருடமோ ஆகலாம். அதுவரை அந்த லயத்தில் இரவு ஓடிப்போய்ச் சொல்ல இரண்டு வாலிபர்களின் பெயரை இப்போதே தீர்மானித்து வைக்க வேண்டும்.

நடை முடிந்ததும் ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். மேலே தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிசன், லய இலக்கம், திரும்பும் சந்தி. அதன் கீழ் சிக்னல் எடுக்கும் இடமும் எந்த சிம் என்பதும். அதன் கீழ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பிறகு லொறிச் சாரதியின் இலக்கமும் மருத்துவிச்சியின் இலக்கமும். போனில் பதிந்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பற்றரி இறங்கிய போனில் எந்த இலக்கமும் தெரியாது.