ரூட் பயனரும் சாளர அநுமதியும்

யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களிலே 'ரூட்' என்னும் பயனருக்கு எல்லையற்ற அதிகாரம் உண்டென்பதை மாணவர் அறிவர். எக்கோப்பையும் அவர் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். ஆயினும், 'எஸ்யூ -' என்னும் கட்டளையால் ரூட்டாக மாறி ஒரு சாளரத்தைத் திறக்க முயல்வோமாயின், திரையைத் திறக்க இயலவில்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

1984 ஆம் ஆண்டில் மசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திலே எக்ஸ் சாளர முறை தோன்றியது. இதன்படி திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை எக்ஸ் சேவையகம் காத்துநிற்கும். பயனர் உள்நுழையும்போது 128 பிட் நீளமுள்ள இரகசிய எண்ணொன்று ஆக்கப்பட்டு, அவர்க்குரிய கோப்பிலே வைக்கப்படும். அவ்வெண்ணைக் காட்டும் செயலிக்கே சேவையகம் இடங்கொடுக்கும். ரூட்டோ தம் கோப்புறையில் அதனைத் தேடிக் காணாது நிற்கின்றார்.

எமது தலவாக்கலைச் சூழலிலிருந்து ஓர் உவமை கூறுவோம். தேயிலை மலையும் தொழிற்சாலையும் துரையின் ஆளுகைக்கு உட்பட்டவை. எனினும், லயத்திலுள்ள ஒரு வீட்டின் கதவை அவ்வீட்டார் திறந்துவிடுதலே முறை. திரையும் அதன்முன் அமர்ந்திருப்பவரின் வீடு போன்றது.

அவசரக்காரர் சிலர் 'எக்ஸ்ஹோஸ்ட் +' எனத் தட்டுவர். ரூட்டின் சாளரம் திறக்கும். ஆனால், அக்கணினியிலுள்ள ஏனைய கணக்கினர்க்கும் கதவு திறந்துவிடும். எக்ஸ் முறையில் உட்புகுந்த செயலி, பிற சாளரங்களிலே தட்டப்படும் எழுத்துக்களையும் திரைக் காட்சியையும் கவரவல்லது, கடவுச்சொல்லும் தப்பாது. ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும் கல்லூரி ஆய்வுகூடத்தில் இதன் கேடு சொல்லாமலே விளங்கும்.

ஆதலின், ரூட் ஒருவருக்கு மட்டும் அநுமதி வழங்குக. 'எக்ஸ்ஹோஸ்ட் +எஸ்ஐ:லோக்கல்யூசர்:ரூட்' என்பதனை, ரூட்டாக மாறுமுன், ஆங்கில எழுத்தில் இடுதல் வேண்டும். மாறியபின், திரையின் முகவரியை ':0' என்றாற்போல 'டிஸ்பிளே' என்னும் சூழல் மாறியிலே குறித்தல் வேண்டும். வேலை முடிந்ததும், முன்னைய கட்டளையிலே கூட்டற்குறிக்குப் பதிலாகக் கழித்தற்குறியிட்டு அநுமதியை மீளப் பெறுக.

இதனினும் சிறந்த நெறி ஒன்றுண்டு. 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த பெடோரா 25, வேலண்ட் என்னும் புதிய முறையை முதன்மையாகக் கொண்டபோது, வன்தட்டைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் போன்ற கருவிகள் ரூட்டாகத் திறக்க மறுத்தன. சாளரம் சாதாரணப் பயனருடையதாக இருக்க, அதிகாரம் வேண்டிய சிறு பணியை மட்டும் 'போல்கிட்' வாயிலாக வேறாக நடத்துக என்பதே புதிய கொள்கை. ஒரு கோப்பைத் திருத்தவேண்டின் 'சூடோஎடிட்' போதும். திருத்தியிலுள்ள பிழை கணினி முழுவதையும் பாதிக்காது.

அதிகாரத்தை வேண்டிய அளவிற்கு, வேண்டிய நேரத்திற்கு மட்டும் கையாள்க. கணினித் துறையிலே புகும் எம் மாணவர் முதலிற் பழகவேண்டியது இதுவே.