ஒளிராத வெள்ளணுக்கள்

சென்ற ஆண்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு, மூன்று வயது மகனைத் தோளில் சுமந்தபடி ஒரு தந்தை வந்தார். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்குப் பணி. குழந்தையின் கழுத்தில் நெறிகட்டிச் சீழ் பிடித்திருந்தது. அது மூன்றாம் முறை. முந்தைய ஆண்டு கல்லீரலில் ஒரு சீழ்க்கட்டி. இடையே காசநோய் எனக் கருதி ஆறு மாத மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தது. இன்னோர் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்றதும் அவர் கேட்டார்: “வெள்ளணு எண்ணிக்கை நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே சார், அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்?”

நியாயமான கேள்வி. அணுக்கள் எத்தனை என்பதை எண்ணிக்கை கூறும். அவை வேலை செய்கின்றனவா என்பதை அது கூறாது.

நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணு, கிருமியை விழுங்கியதும் தன்னுள் ஒரு நொதியை முடுக்கி, ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாகவும் பின்னர் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. புண்ணின்மேல் ஊற்றினால் நுரைக்கிறதே, அதே பெராக்சைடுதான். இவற்றின் துணையின்றிச் சில கிருமிகளைக் கொல்ல இயலாது. ஆனால் இவை தோன்றிய வேகத்திலேயே வினைபுரிந்து மறைபவை. வெளியே எடுத்து அளப்பது அரிது. தோன்றும் இடத்திலேயே, உயிருள்ள அணுவுக்குள்ளேயே, அவற்றைக் காட்டிக்கொடுக்கும் சாயம் ஒன்று வேண்டும்.

டைஹைட்ரோரோடமின் அத்தகைய சாயம். அது தானாக ஒளிராது; அணுவுக்குள் எளிதில் நுழையும். உள்ளே பெராக்சைடு உருவானால் ஆக்சிஜனேற்றம் அடைந்து ரோடமின் 123 என்னும் பொருளாக மாறும். அதன்மீது 488 நானோமீட்டர் நீல லேசர் படும்போது பச்சை நிறத்தில் ஒளிரும். ஆய்வகத்தில் சில துளி இரத்தத்துடன் இச்சாயத்தைச் சேர்த்து, கிருமி வந்ததுபோல் அணுக்களைத் தூண்டும் வேதிப்பொருளையும் இடுவர். பின்னர் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்னும் கருவி ஆயிரக்கணக்கான அணுக்களை ஒவ்வொன்றாக லேசரின் முன் ஓடவிட்டு, ஒளியை அளக்கும்.

அந்தத் தந்தைக்கு நான் விளக்கியது அவர் தொழிலைக் கொண்டே. உதிரிபாகத்தில் விரிசல் காண, ஒளிரும் துகள்களை இட்டுப் புறஊதா விளக்கின்கீழ்ப் பார்ப்பார்கள். அங்கே கோடு ஒளிர்ந்தால் பாகம் பழுது. இங்கே நேர்மாறு: ஒளிராத அணுவே பழுது.

அந்தப் பழுதுக்குப் பெயர் நாட்பட்ட கிரானுலோமா நோய். அமெரிக்காவில் ஏறத்தாழ 2 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்பது கணக்கு. 1957இல் அந்நாட்டு மருத்துவர்கள் இதனை விவரித்தபோது, பிள்ளைப்பருவத்திலேயே உயிர் பறிக்கும் நோய் என்றே பெயரிட்டனர். இன்று அந்நிலை இல்லை. கோட்ரைமாக்சசோல், இட்ராகோனசோல் ஆகியவற்றை நாள்தோறும் கொடுத்தால் பெரும்பாலான தொற்றுகளைத் தடுக்கலாம். பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றம் நோயையே நீக்கக்கூடும். மட்கிய எருவும் வைக்கோற்போரும் சருகுக் குவியலும் பூஞ்சை நிறைந்தவை. இக்குழந்தைகள் அவற்றின் அருகே செல்லவே கூடாது. மாந்தோப்புகளும் ரோஜாப் பசுமைக்குடில்களும் சூழ்ந்த நம் பகுதியில் இதை நான் ஒருமுறைக்கு இருமுறை கூறுவது வழக்கம்.

சாயம் ஏமாற்றுவதும் உண்டு. மையலோபெராக்சிடேஸ் என்னும் வேறொரு நொதி குறைந்தவர்க்கும் ஒளி மங்கும். அவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஆகவே மரபணுச் சோதனையால் உறுதிசெய்த பிறகே நோயின் பெயரைக் கூறுவோம்.

தாயின் இரத்தத்தையும் கேட்டபோது வீட்டில் வருத்தம் எழுந்தது. பிள்ளையின் பாட்டி, மருமகளையே குறை கூறினார். காரணம் இதுதான்: இந்நோயின் ஒரு வகை எக்ஸ் குரோமோசோம் வழியே ஆண்மக்களுக்கு வருகிறது. அவ்வகையில் தாய் நலமாக இருப்பார். ஆயினும் பெரும்பாலும் அவரது அணுக்களுள் ஒரு பகுதி ஒளிரும், மறுபகுதி ஒளிராது. இங்கோ தாயின் அணுக்கள் அனைத்தும் நன்றாக ஒளிர்ந்தன. மகனுடையவை மிக மங்கலாக ஒளிர்ந்தன. அது இரண்டாம் வகையின் சாயல். பின்னர் மரபணுச் சோதனையும் அதையே உறுதிசெய்தது. இவ்வகையில் பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்தாக வேண்டும். பெண் குழந்தைகளுக்கும் வரும். அக்கா மகளை மணந்தவர் அத்தந்தை. உறவுக்குள் மணம் மிகுந்த நம் மாநிலத்தில் இந்த வகையை மறக்க இயலாது. பாட்டியிடம் நான் கூறியது ஒன்றே: “அம்மா, இதில் உங்கள் மகனுக்கும் சரிபாதி பங்கு.” அதன்பின் அவர் பேசவில்லை.

சோதனைக்கு வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். அணுக்கள் உயிருடன் சென்று சேரவேண்டும். மாதிரியைப் பனிக்கட்டியில் வைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைவது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க, உறவினர் அல்லாத நலமுள்ள ஒருவரின் இரத்தமும் உடன் செல்லும். வெள்ளி மாலை எடுத்தால் விடுமுறையில் பாழாகும். திங்கள் காலை வாருங்கள்.

இந்நோய் உள்ள குடும்பத்தில் அடுத்த குழந்தை பிறந்தால், மகப்பேறு அறையிலேயே மருத்துவரிடம் தெரிவியுங்கள். பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியில் உயிருள்ள கிருமி உண்டு. இக்குழந்தைகளுக்கு அதுவே நெறிகட்டாகவும் பரவும் தொற்றாகவும் மாறலாம். அணுக்கள் ஒளிர்கின்றன என்ற முடிவு வரும்வரை அந்த ஓர் ஊசியை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும்.