விரைவும் திருத்தமும்: இரசாயன மாணவர்க்குச் சில குறிப்புகள்

இரசாயன நூலை நன்கு கற்ற மாணவர் சிலர் பரீட்சை மண்டபத்தினின்று வாடிய முகத்தோடு வெளிவருதலைக் காண்கிறோம். வினவினால், "யாவும் தெரிந்த வினாக்களே, காலந்தான் போதவில்லை" என்பர். வேறு சிலர் மகிழ்ச்சியோடு வந்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தபின் வருந்துவர். முன்னவர்க்கு விரைவு இல்லை. பின்னவர்க்குத் திருத்தம் இல்லை. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகை எனப் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. ஒருமுறை செய்ததை மறுமுறை செய்ய நேராதிருத்தலே விரைவாம். ஆதலின் திருத்தமே விரைவுக்குத் தாய் என்பதனை ஈண்டு விளக்க முயல்வேன்.

முதற்கண் காலத்தின் அளவை அறிதல் வேண்டும். இளநிலைப் பட்டம் பெறுவோர் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் மேற்படிப்பிற் சேர எழுதும் ஜாம் என்னும் பரீட்சையை உதாரணமாகக் கொள்வோம். 2025ஆம் ஆண்டில் அதன் இரசாயனத் தாளில் 60 வினாக்களும் 100 மதிப்பெண்களும் இருந்தன. காலம் 3 மணி. எனவே வினா ஒன்றற்குச் சராசரி 3 நிமிஷமே கிடைக்கும். கணக்கிடும் பொறி ஒன்று திரையிலேயே தரப்பட்டது. அப்பொறி பெருக்கலிற் பிழை செய்யாது. ஆயினும் எதனை எதனாற் பெருக்குதல் வேண்டும் என்பதனை அஃது அறியாது. அதனை அறிய வேண்டியவர் மாணவரே.

இனி ஒரு கணக்கைக் காண்போம். 4.9 கிராம் கந்தகத் திராவகத்தை நீரிற் கலந்து 250 மில்லி லிட்டர் ஆக்கினர். அதில் 25 மில்லி லிட்டரை நடுநிலையாக்க, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசல் எவ்வளவு வேண்டும்? திராவகத்தின் மூலக்கூற்று எடை 98. ஆகவே எடுத்தது 20இல் ஒரு பங்கு மோல். 25 மில்லி லிட்டர் அக்கரைசலில் 10இல் ஒரு பங்காதலின், அதில் உள்ளது 200இல் ஒரு பங்கு மோல். இத்திராவகத்தின் ஒரு மோல் இரண்டு மோல் காரத்தை வேண்டும். எனவே வேண்டிய காரம் 100இல் ஒரு பங்கு மோல். அதாவது 100 மில்லி லிட்டர். பின்னமாகவே வைத்துச் சென்றமையாற் பொறியைத் தொடவும் வேண்டியதில்லை. சமன்பாட்டை எழுதாது விரைந்தவரோ அந்த "இரண்டை" மறந்து 50 என்பர். வினா அமைப்போர் இத்தவற்றை நன்கறிவர். 50 என்பதனையும் விடைகளுள் ஒன்றாக வைத்திருப்பர்! சமன்பாடு எழுதப் பத்து விநாடி செலவாகும். எழுதாமையாற் போவதோ முழு மதிப்பெண்.

இரண்டாவது, விடை எவ்வளவினதாக இருத்தல் கூடும் என்பதனை முன்னரே எண்ணிப் பார்த்தல். ஒரு லிட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு மோல் ஹைட்ரோகுளோரிக் திராவகம் உள்ள கரைசலின் பி.எச். யாது? சூத்திரத்தை மட்டும் நம்பியவர் 8 என்பர். திராவகத்தை எத்துணை நீர் விட்டு விளாவினும் அது காரமாகுமோ? நீரும் தன் பங்கிற்கு ஹைட்ரஜன் அயனிகளைத் தருதலின், 25 பாகை வெப்பத்தில் உண்மை விடை ஏறத்தாழ 6.98. அவ்வாறே, 27 பாகை சென்டிகிரேடில் 3 லிட்டராக உள்ள வாயுவை, அழுத்தம் மாறாமல் 127 பாகைக்குச் சூடேற்றினால், 300க்கு 400 என்ற கெல்வின் விகிதப்படி அது 4 லிட்டர் ஆகும். 14 லிட்டர் என விடை வருமாயின், கெல்வினை மறந்தோம் என்று அப்பொழுதே தெளியலாம்.

மூன்றாவது, எண்களின் வடிவை அறிதல். முதற்படி வினையொன்றின் அரைவாழ்வு 10 நிமிஷமாயின், 87.5 சதவீதம் முடிய எத்துணைக் காலம்? எஞ்சுவது எட்டில் ஒன்று. அது பாதியின் பாதியின் பாதி. ஆகவே 30 நிமிஷம். மடக்கை இங்கு வேண்டா.

நான்காவது, விட வேண்டியதை விடுதல். தாளை இருமுறை வலம் வருக. முதல் வலத்தில் வழி தெரிந்தவற்றை மட்டும் முடித்து, ஏனையவற்றைக் குறித்து வைக்க. மேற்கூறிய தாளின் முதற்பகுதியில், நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாவிற் பிழைத்தால், அதற்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆதலின் ஒன்றும் அறியாது குறித்தல் சராசரியில் இலாபமும் தராது, நஷ்டமும் தராது. ஒரு விடையேனும் தவறு எனத் துணிந்து நீக்கிய பின்னரே ஊகம் பயன் தரும்.

இவையெல்லாம் பரீட்சை நாளிற் புதிதாய் வருவன அல்ல. வாரம் ஒருமுறை கடிகாரத்தை முன்வைத்துப் பயில்க. பிழைத்தவற்றைத் தனிக் குறிப்பேட்டில், விடையோடன்றிப் பிழையின் காரணத்தோடும் எழுதுக. சில வாரங்களில் ஒவ்வொருவரும் தமக்கென உரிய மூன்று நான்கு பிழைகளையே மீண்டும் மீண்டும் செய்தலைக் காண்பர். அவற்றைக் களைந்தார்க்கு விரைவு தானே வரும்.

மேற்படிப்பின் வாயில் பலர்க்கு ஒன்றிரண்டு மதிப்பெண்ணால் அடைபடுகிறது. அறியாமையால் அடைபடின் மீண்டும் கற்கலாம். அறிந்தும், மறந்த ஓர் "இரண்டினால்" அடைபடுதல் அன்றோ பெருந்துயரம்! பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியை மாணவ நண்பர்கள் மண்டபத்தினுள்ளும் மறவாதிருப்பாராக.