தெரு முழுக்கச் சூரியக் குடும்பம்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் சூரியக் குடும்ப மாடல் செய்து வரச் சொன்னார்கள். கடையில் தெர்மோகோல் பந்து செட் வாங்கித் தந்தேன். எட்டுக் கோள்களின் பெயரையும் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால், “செவ்வாய் எவ்வளவு தூரம்மா?” என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எப்படிப் புரியவைப்பது?
- ஒரு தாய், நங்கநல்லூர்

பதில்: அருமையான கேள்வி கேட்டிருக்கிறாள். அந்த செட்டில் அதற்கு விடை கிடைக்காது. சூரியனின் குறுக்கே 109 பூமிகளை வரிசையாக அடுக்கலாம். தூரமோ அதைவிடப் பல மடங்கு பெரிது. அட்டையில் அடங்காது, தெருவுக்குத்தான் வர வேண்டும்.

மஞ்சள் சார்ட் பேப்பரில் 14 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். அதுதான் சூரியன். இந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு லட்சம் கிலோமீட்டர். மற்றதெல்லாம் சமையலறையிலேயே இருக்கிறது. பூமிக்கும் வெள்ளிக்கும் கடுகு, செவ்வாய்க்குக் கசகசா, புதனுக்கு ஒரு ரவை, யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் மிளகு. வியாழனுக்கும் சனிக்கும் சுண்டைக்காய்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், வண்டி நடமாட்டம் தொடங்குமுன், சூரியனை வீட்டு கேட்டில் ஒட்டிவிட்டு மகளோடு நடங்கள். சராசரித் தூரப்படி புதன் 6 மீட்டரில், வெள்ளி 11, பூமி 15, செவ்வாய் 23. இரண்டு மூன்று வீடுகளைத்தான் தாண்டியிருப்பீர்கள். அதன்பிறகு வியாழனுக்கு 78 மீட்டர், சனிக்கு 143, யுரேனஸுக்கு 287, நெப்டியூனுக்கு 450. அங்கே கையில் மிளகோடு நிற்கும் குழந்தை, நடுவில் இருப்பதெல்லாம் வெட்டவெளி என்பதைக் கால் வலிக்க நடந்து தெரிந்துகொள்வாள். பாடப்புத்தகப் படம் எதுவும் இதைக் காட்டுவதில்லை. எனக்கோ இதுதான் பாடத்தின் உயிர் என்று தோன்றுகிறது.

இப்போது அவள் கேள்விக்கு வருவோம். பூமியும் செவ்வாயும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். மிக நெருங்கும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர், நம் தெருவில் ஐந்தரை மீட்டர். சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் 40 கோடி. நம் நாட்டின் மங்கள்யான் விண்கலம் 2013 நவம்பர் 5 அன்று கிளம்பி, வளைந்த பாதையில் போய், 2014 செப்டம்பர் 24 அன்றுதான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர் என்பதையும் சொல்லுங்கள். நிலாவை வைக்க மறக்காதீர்கள்: கடுகிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி. மனிதர்கள் கால் பதித்த வேற்றிடம் அது ஒன்றுதான். ஒளியும் இந்தத் தெருவில் நொடிக்கு 3 சென்டிமீட்டர்தான் நகரும், எறும்பு ஊர்வதுபோல. கேட்டிலிருந்து கடுகுக்கு வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேலாகும்.

இருட்டியதும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். வானில் இருக்கும் நாட்களில், தெருவிளக்கு வெளிச்சத்திலும் வெள்ளியும் வியாழனும் நன்றாகத் தெரியும். வெள்ளி, அது சுற்றுப்பாதையில் இருக்கும் இடத்தைப் பொறுத்து, மாலையில் மேற்கிலோ விடியலுக்கு முன் கிழக்கிலோ இருக்கும். நள்ளிரவில் தேட வேண்டாம். உங்கள் பகுதியில் மீனம்பாக்கம் விமானங்கள் குழப்பும். விமான விளக்கு மினுக்கியபடி நகர்ந்துவிடும். கோள் ஒரே இடத்தில் நின்று நிதானமாக ஒளிரும். 1988 முதல் இயங்கும் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். தமிழ்க் காட்சி எப்போது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெர்மோகோல் மாடலையும் கொண்டுபோகட்டும். “இதில் உள்ள அளவும் தூரமும் உண்மையானவை அல்ல” என்று அவள் கையாலேயே எழுதி, தெருவில் அளந்த எட்டுத் தூரங்களையும் கீழே ஒட்டச் சொல்லுங்கள்.