பி.எச்டி. சேருமுன் பணத்தைப் பற்றிக் கேளுங்கள்

எம்.எஸ்சி. முடித்து ஆய்வுக்கு வருகிறவர்கள் தலைப்பைப் பற்றிக் கேட்கிறார்கள், கைடின் குணத்தை விசாரிக்கிறார்கள். பணம் என்றதும் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். இந்தியாவில் அடிப்படை அறிவியல் ஆய்வு பெரும்பாலும் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது. அது யார் பெயரில், எப்போது, எத்தனை ஆண்டுக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் அடுத்த ஐந்தாறு வருடங்கள் அமையும்.

உதவித்தொகை உங்கள் பெயரில் வருகிறதா, கைடின் ப்ராஜெக்ட்டிலிருந்து வருகிறதா? இரண்டையும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) என்றே சொல்வார்கள். நெட், கேட் போன்ற தேர்வில் தேறியவருக்கு 2023 ஜனவரி முதல் தொகையும் ஒன்றுதான்: முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் 42,000, வாடகைப்படி தனி. (2014-இல் ஜே.ஆர்.எஃப். தொகை 25,000 ஆனது. உயர்வு தானாக வரவில்லை, ஆய்வு மாணவர்கள் தெருவில் நின்று கேட்டுப் பெற்றார்கள்.) தொகை ஒன்றானாலும் நிலைமை வேறு. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் எழுதி வாங்கிய ஜே.ஆர்.எஃப். உங்களுடையது. கைடோடு ஒத்துப்போகவில்லை என்றால், அனுமதி பெற்று இன்னொருவரிடம் போகலாம். ப்ராஜெக்ட் ஊதியம் அந்த ப்ராஜெக்ட்டோடு பிறந்து அதோடு முடிகிறது. பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகளுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். மூன்று ஆண்டில் பி.எச்டி. முடிவது அபூர்வம். ஆகவே ப்ராஜெக்ட்டில் சேர்ந்துவிட்டாலும் நெட் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

சொந்த ஜே.ஆர்.எஃப்.புக்கும் ஐந்தாண்டு வரம்பு உண்டு. சோதனைக்கூட வேலை அதைத் தாண்டி இழுப்பது சகஜம். ஆறாவது ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்பதை நான்காவது ஆண்டிலேயே கைடிடம் பேசிவிடுங்கள்.

ப்ராஜெக்ட் பணம் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்வதும் அவசியம், ஏனென்றால் ஆய்வகத்தின் காலண்டரே அதுதான். மொத்தத் தொகை ஒரேயடியாக வராது, ஆண்டுத் தவணையாக வரும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும். செலவுக் கணக்கும் யு.சி. எனப்படும் பயன்பாட்டுச் சான்றும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த தவணை. அந்தச் சான்று கணக்குப் பிரிவில் ஒரு மாதம் தூங்கினால் தவணை தள்ளிப்போகும். தவணை தள்ளிப்போனால் வேதிப்பொருள் வராது, ப்ராஜெக்ட் மாணவரின் ஊதியமும் நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் எல்லா ஆய்வகங்களும் கொட்டேஷனும் கையுமாக ஓடுவதற்கும் காரணம் இதுதான். கொள்முதல் விதிகள் 2025 ஜூனில் கொஞ்சம் தளர்ந்தன: கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு அறிவியல் நிறுவனங்களுக்கு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. சிறிய மாற்றம்தான், ஆனால் ஒரு பம்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். உங்களுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலை ஏப்ரலிலேயே கைடிடம் கொடுங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருக்கட்டும். உதவித்தொகை தாமதமாவது எந்த ஊரிலும் புதிய செய்தி அல்ல.

தலைப்பையும் பணம்தான் திருப்புகிறது. 2007-இல் ஆயிரம் கோடி ரூபாயில் நானோ மிஷன் வந்தது, நானோ என்ற சொல் இல்லாத விண்ணப்பத்தைப் பார்ப்பது அரிதாயிற்று. 2023-இல் 6,003 கோடியில் தேசிய குவாண்டம் மிஷன் வந்தது. அதன் நான்கு மையங்களில் ஒன்றான குவாண்டம் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. பணம் இருக்கும் துறைக்குப் போவதில் தவறே இல்லை, கருவியும் சக மாணவர்களும் அங்கேதான் கிடைப்பார்கள். ஆனால் மிஷன் 2030-31-இல் முடியும், உங்கள் வேலைக்காலம் முடியாது. ஆகவே எந்தத் தலைப்பில் சேர்ந்தாலும், தலைப்பு மாறினாலும் கூடவே வரும் ஒரு திறமையை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள்: நிறமாலையியல், புள்ளியியல், நிரல் எழுதுதல், நுண்ணோக்கி இயக்குதல் என்று ஏதாவது ஒன்று.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். நல்ல கருவி உங்கள் துறையில் இல்லாவிட்டால், சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் போன்ற பொதுக் கருவி மையங்களுக்கு மாதிரியை அனுப்பிக் கட்டணம் கட்டி அளவெடுக்கலாம். ஆய்வுகளுக்கு அரசு நிதி வழங்கிவந்த எஸ்.இ.ஆர்.பி.யின் இடத்துக்கு 2024-இல் வந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, பெரிய நிறுவனங்களோடு மற்றப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'பேர்' திட்டத்தை நடத்துகிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு பலரும் இன்ஸ்பயர் ஃபேகல்டி, ராமானுஜன் ஃபெல்லோஷிப் ஆகியவற்றைக் குறிவைப்பார்கள். மாத ஊதியம் லட்சத்துக்கு மேல், ஆண்டுக்கு ஏழு லட்சம் ஆய்வு நிதி, ஐந்தாண்டுக் காலம். கௌரவமான இடம், ஆனால் நிரந்தர வேலை அல்ல. நிரந்தர வேலைக்கு விளம்பரம் வந்து, நேர்காணல் நடந்து, உத்தரவு கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆவது நம் பல்கலைக்கழகங்களில் வழக்கம். எனவே சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே நிரந்தரப் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.